ஐந்து லிங்க் ஒரு மீட்டர்

சென்ற மாதம் கோவையில் எங்கள் துறை ஊழியர்கள் கூடிய ஒரு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பணி ஓய்வு பெற்றவர்களுக்குச் சால்வை போர்த்தும் விழா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சர்வேயர், முப்பது வயதுக்குள் இருப்பார், செயற்கைக்கோளைப் பார்த்து நிலத்தை அளக்கும் கருவியைப் பற்றி ஆர்வமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில், "பழைய சர்வே படத்துலயெல்லாம் லிங்க்னு போட்டிருக்குதுங்களே சார், அது எவ்வளவுங்க?" என்றார். "ஏழே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலேங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அது என்னங்க சார் கணக்கு?"

அவருக்கு அங்கே பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடையில் நான்கு வார்த்தை பேசி இறங்கிவிட்டேன். பேசாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கணக்கு எங்களுக்கு விநோதமாக இருந்ததில்லை. நூறு லிங்க் ஒரு சங்கிலி. சங்கிலி என்றால் நிஜமாகவே இரும்புச் சங்கிலி, அறுபத்தாறு அடி நீளம். பத்து லிங்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம் இருந்தால் ஒரு ஏக்கர். பெருக்கி வந்த எண்ணில் புள்ளியை நகர்த்தி வைத்தால் ஏக்கரும் சென்டும் தானாக வந்து நிற்கும். காடு என்று நாங்கள் சொல்லும் விளைநிலத்தில் வெயிலில் நின்றபடி, தாளும் பென்சிலும் இல்லாமலே சொல்லிவிடலாம். ஹெக்டேர், அதில் நூறில் ஒரு பங்கான ஏர் என்று பட்டாவில் வந்த பிறகும், எந்த விவசாயியும் என்னிடம் "எனக்கு இத்தனை ஏர் இருக்குதுங்க" என்று சொன்னதில்லை. இன்றைக்கும் அன்னூர்ப் பக்கம் போய்க் கேளுங்கள். ஏக்கரும் சென்டும்தான். வீடு கட்டுகிறவர் அடியில்தான் பேசுவார். மீட்டர் ஆபீசில் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சிங்காநல்லூரில் வீடு. அப்பா மில் தொழிலாளி. பயிற்சியில் ஆறு மாதம் சங்கிலி இழுத்ததும், கால் எல்லாம் முள் குத்தியதும், கல் நடும் குழிக்கு எத்தனை ஆழம் என்று மனப்பாடம் செய்ததும் எல்லாருக்கும் உள்ளதுதான். அதை விட்டுவிடுகிறேன். தாலுகா ஆபீசில் என்னை ஹெட் சர்வேயர் தேவசகாயத்தின் கீழ் போட்டார்கள். சொல்ல வேண்டியது அவரைப் பற்றி.

மெலிந்த மனிதர். முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டிருப்பார். புலப்படத்தைத் திறப்பதற்கு முன்னால் போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வருவார். புலப்படம் என்பது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள வரைபடம். எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு எவ்வளவு தூரம் என்று அதில் இருக்கும். அதன் மேல் விரலை வைக்க மாட்டார். பென்சிலின் பின்பக்கத்தால்தான் காட்டுவார்.

ஆபீஸ் வளாகத்தில், தரையில் பதித்த இரண்டு கற்களில் உளியால் கோடு வெட்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே சரியாக அறுபத்தாறு அடி. வெளியே அளக்கப் போகும் நாளில் சங்கிலியை அங்கே நீட்டிப் பார்க்காமல் எடுத்துப் போக விடமாட்டார். இழுத்து இழுத்து வளையங்கள் வாய் பிளந்தால் சங்கிலி நீண்டுவிடும். சேறு ஒட்டினால் குறையும். வாய் பிளந்த வளையத்தைக் கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியலால் அவரே தட்டி மூடுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குக் காலை தொடங்கியதாக அர்த்தம்.

காட்டுக்குப் போனால் முதலில் இரண்டு தரப்பையும் பேசவிடுவார். அரை மணி ஆனாலும் குறுக்கே பேச மாட்டார். அதுவரை சங்கிலி தரையில்தான் கிடக்கும். அளந்து முடிக்கும் வரை யார் வீட்டு மோரும் வாங்க மாட்டார். முடிந்த பிறகு இரண்டு வீட்டிலும் குடிப்பார். எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "எங்கிருந்து இழுத்தீங்க? அக்கட்டயிருந்தும் இழுத்தீங்களா?" ஒரு கோட்டை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அளந்தால் அவர் அதை அளந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்.

இந்தச் சமயத்தில்தான் படங்களை மீட்டருக்கு மாற்றும் வேலை வந்தது. ஒவ்வொரு படத்திலும் உள்ள லிங்க் அளவுகளை மீட்டராக்கி, புதுத் தாளில் நகல் எடுக்க வேண்டும். ஆபீசுக்கு ஒரே ஒரு மாற்று அட்டவணைப் புத்தகம். நாங்கள் ஐந்து பேர். மேலேயிருந்து, வேலை எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். புத்தகம் இன்னொருவர் மேஜையில் இருக்கும்போது நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஐந்து லிங்க் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அதனால் ஐந்தால் வகுத்துப் போட்டுக்கொண்டு போனேன். சின்ன அளவுகளில் ஒரு விரற்கடை கூட வித்தியாசம் வராது. பெரிய கோடுகளைப் புத்தகம் கிடைத்ததும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெரும்பாலும் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்க்கவில்லை.

ஏழு வருடம் போனது. நான் அன்னூர்ப் பக்கம் பிர்கா சர்வேயர், சில கிராமங்கள் சேர்ந்த ஒரு வட்டாரம் என் பொறுப்பு. தேவசகாயம் அதே தாலுகாவில் ஹெட் சர்வேயர், ஓய்வு பெற ஒரு வருடத்துக்குள் இருந்தார். ஒரு கிராமத்திலிருந்து ரங்கசாமி என்பவர் மனுக் கொடுத்தார். வீட்டில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். வாழை போட்டிருந்தார். தன் காட்டுக்கும் பக்கத்துக் காட்டுக்கும் நடுவே இருந்த எல்லைக் கற்கள் டிராக்டர் ஓட்டியதில் பிடுங்கிப் போய்விட்டன, அளந்து கொடுத்தால் கம்பி வேலி போட்டுக்கொள்வேன் என்பது மனு. மேற்கே இருந்த அந்தப் பக்கத்துக் காடு ருக்மணியம்மாளுடையது. கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள்.

இருவருக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சங்கிலி பிடிக்கும் செயின்மேன் மாரப்பனோடு போனேன். மாரப்பன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், சங்கிலிக் காலத்திலிருந்து இருப்பவர். கையில் முப்பது மீட்டர் எஃகு டேப். மேற்கு ஓரத்தில் பழைய கல் அசையாமல் இருந்தது. படத்தில் அங்கிருந்து எல்லைக்கு நூற்றெண்பது மீட்டர். ஆறு டேப் இழுத்தோம். ஆறாவது டேப்பின் முனையில் மாரப்பன் முளைக்குச்சியை அடித்தார்.

நிமிர்ந்து பார்த்தால் குச்சிக்குக் கிழக்கே, இரண்டடி தள்ளி, ஒரு வரிசை தென்னை. இருபத்திரண்டு மரம். எல்லாம் காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. குச்சி நின்ற இடத்தில் எல்லை என்றால் அத்தனை மரமும் ரங்கசாமிக்கு.

ருக்மணியம்மா அதுவரை கூடவே நடந்து வந்தவர், "ஏனுங்க, குச்சி இங்கீங்களா?" என்றார்.

"ஆமாங்கம்மா. படத்துல அப்படித்தான் இருக்குதுங்க."

"அந்த மரமெல்லாம் எங்கூட்டுக்காரரு நட்டதுங்க. இருபத்தஞ்சு அடிக்கு ஒண்ணுன்னு காலால அளந்து நட்டாருங்க. அடுத்தவங்க காட்டுல கொண்டுபோயி நடுவாருங்களா?"

ரங்கசாமி குறுக்கிட்டார். "நான் மரத்துக்கு ஆசப்பட்டு மனுக் குடுக்கலீங்க அம்மணி. கவுருமெண்டு அளந்து சொல்லுது. எனக்குச் சேர்ந்ததுன்னா நான் வேலி போட்டுக்குவேன், அவ்வளவுதானுங்க."

"கவுருமெண்டு காயிதத்துல தப்பே வராதுங்களா?" என்று அந்த அம்மா கேட்டது அவரை அல்ல, என்னை.

"வராதுங்க" என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை எத்தனை சுலபமாகச் சொன்னேன்!

அளந்து காட்டியதை ஒப்புக்கொண்டு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ரங்கசாமி போட்டார். ருக்மணியம்மா பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியுமுங்க. ஆனா இதுல போட மாட்டேனுங்க." அழவில்லை, சத்தம் போடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மாரப்பன் சொன்னார்: "சார், அக்கட்டயிருந்து இழுக்காம வந்துபோட்டோமுங்க."

கிழக்குக் கல்லுக்குப் போக வாய்க்கால் தாண்ட வேண்டும், அங்கே முள் அடைத்திருந்தது. வெயில் வேறு. "ஒரு பக்கம் தெளிவா இருக்குதுங்களே மாரப்பன்" என்றேன். அவர் டேப்பைத் துடைத்துச் சுற்றினார்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போனதும் கிராமத்துப் படக் கட்டை எடுத்தேன். அந்த அம்மா கையெழுத்துப் போடாததற்கு ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. படத்தின் அடியில் நகல் எடுத்தவர் என்ற இடத்தில் இருந்தது என் கையெழுத்து. ஏழு வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்தை அடையாளம் காண ஒரு நொடி பிடித்தது. அப்போதெல்லாம் 'ச'வை வளைத்துப் போடுவேன். காட்டில் படத்தை விரித்து வைத்திருந்தபோது அளவை மட்டும்தான் பார்த்தேன், அடியில் பார்க்கவில்லை.

நூற்றெண்பது என்ற எண்ணைப் பார்த்தேன். முழு எண். பதிவறைக்குப் போய்ப் பழைய லிங்க் படத்தைத் தேடி எடுத்தேன். தொள்ளாயிரம் லிங்க். ஒன்பது சங்கிலி. ஐந்தால் வகுத்தால் நூற்றெண்பது. அட்டவணையில் பார்த்தால் நூற்று எண்பத்தொன்றும் ஐந்து சென்டிமீட்டரும். மூன்றரை அடி குறைச்சல். இருபத்திரண்டு தென்னை நிற்பதற்குப் போதுமான இடம்.

கிழக்கிலிருந்தும் இழுத்திருந்தால் அங்கும் கொஞ்சம் குறைந்திருக்கும். இரண்டு குச்சிக்கும் நடுவே ஒன்றே முக்கால் மீட்டர் நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் நின்று என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

சரிபார்த்தவர் என்ற இடத்தில் தேவசகாயத்தின் கையெழுத்து இருந்தது. அவர் கவனக்குறைவாகப் பார்த்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லா எண்ணும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்ததால் கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கவே இடிக்காது. நூற்றுக்கணக்கான படம் அவர் மேஜையில் வந்து குவிந்த காலம் அது.

அவர் வரும் வரை காத்திருந்தேன். இரண்டு படத்தையும் மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். "சார், இது நான் செஞ்ச தப்புங்க. அஞ்சால வகுத்துப் போட்டிருக்கிறேன். உங்க கையெழுத்தும் இருக்குதுங்க" என்றேன். ஓய்வுக்குச் சில மாதம் இருக்கும்போது ஒரு குற்றச்சாட்டு வந்தால் பென்ஷன் வரை இழுத்தடிக்கும் என்பது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் எழுந்து போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பழைய படத்தைப் பார்த்தார், புதியதைப் பார்த்தார், ஒரு தாளில் நிதானமாகப் பெருக்கினார். பிறகு கேட்டார்: "கல்லு நட்டாச்சுங்களா?"

"இல்லீங்க சார். குச்சி மட்டுந்தானுங்க. வர்ற வாரம் கல்லு."

"மரத்துல கை வச்சுட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்பச் சரி பண்ணிரலாமுங்க" என்றார். "ரெண்டு பேரு கையெழுத்து இருக்குது. ரெண்டு பேரும் ஒட்டுக்காவே போலாமுங்க. மாரப்பனைப் பழைய சங்கிலிய எடுக்கச் சொல்லுங்க."

நான் பயந்த எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்து நடந்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ரங்கசாமி, ருக்மணியம்மா, ஊர்க்காரர்கள் பத்துப் பேர் வரப்பில் நின்றிருந்தார்கள். தேவசகாயம் சங்கிலியை இறக்கும் முன்பே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "போன வாரம் அளந்தது தப்புங்க. தப்பு எங்க ஆபீஸ் படத்துல. படத்தை எழுதுனவர் இவர், சரின்னு கையெழுத்துப் போட்டது நானு. இப்ப மூலப் படத்தை வெச்சு மறுக்கா அளக்கறோம். ரெண்டு பக்கத்துலிருந்தும் இழுப்போம். நீங்களே கூட வந்து எண்ணுங்க."

மாரப்பன் முன்னால் போக, நான் பின்முனையைக் கல்லில் பிடித்துக்கொண்டேன். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தச் சங்கிலி மண்ணில் சரசரவென்று ஓடியது. ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் மாரப்பன் ஓர் இரும்புக் கம்பியைக் குத்திவிட்டு எண்ணைக் கூவினார். ஊர்க்காரர்களும் சேர்ந்து எண்ணினார்கள். ஒன்பதாவது கம்பி தென்னை வரிசைக்கு அந்தப் பக்கம், மரத்தடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இறங்கியது. பிறகு முள்ளை விலக்கி வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கிலிருந்து ஆறு சங்கிலி இழுத்தோம். அதே கம்பிக்கு ஒரு விரல் இடம் வைத்து வந்து நின்றது.

ரங்கசாமி அந்தக் கம்பியருகே போய்க் குனிந்து பார்த்தார். கோபப்பட அவருக்கு நியாயம் இருந்தது. ஒரு வாரத்தில் வேலிக்குக் கம்பியும் கல்தூணும் வந்து இறங்கியிருந்தன. "அப்ப கவுருமெண்டு ஒரு வாரத்துல பேச்ச மாத்துமுங்களா?" என்றார்.

தேவசகாயம், "தப்புன்னு தெரிஞ்சா ஒரு வாரம் எதுக்குங்க, ஒரு நாள்லயே மாத்தோணுமுங்க" என்றார்.

ரங்கசாமி தூணைக் கொண்டுவந்த ஆட்களைப் பார்த்து, "குழிய அக்கட்ட தோண்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ருக்மணியம்மாவிடம் நான் தனியாகப் போய், "என் தப்புங்கம்மா. வராதுன்னு சொல்லிப்போட்டேன்" என்றேன்.

"அதுக்குத்தானுங்களே நீங்களே வந்தீங்க" என்றார் அவர். பிறகு, "அன்னைக்கு நீங்க போனதுக்கப்புறம் ஒவ்வொரு மரமாத் தொட்டுட்டு வந்தேனுங்க. வெட்டிருவாங்களோன்னு. இப்பப் போயி இன்னொருக்காத் தொட்டுட்டு வாரேன்" என்று வரப்பில் இறங்கி நடந்தார். அவர் எல்லா மரத்தையும் தொட்டுவிட்டுத் திரும்பும் வரை நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் மோர் குடித்தோம்.

எழுத்துமூலம் விளக்கம் கேட்டு மாவட்ட ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. தவறு முழுவதும் என்னுடையது, ஹெட் சர்வேயருக்கு இதில் பங்கில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து இருவரையும் அழைத்தார்கள். மேலதிகாரி இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். "இவர் தன் தப்புன்னு எழுதியிருக்கார். நீங்க, கணக்கைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது, இவர் அப்ப புதுசு, இவர்மேல நடவடிக்கை வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. நான் யாரைக் கேட்கிறது?" என்றார். தேவசகாயம் எனக்குச் சொல்லாமல் எழுதியிருந்தார், நானும் அவருக்குச் சொல்லாமல் எழுதியிருந்தேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். எனக்கு ஒரு வருட ஊதிய உயர்வு நின்றது. அவருக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். பென்ஷன் தடையில்லாமல் வந்தது.

நான் நகல் எடுத்த படங்கள் மொத்தம் அறுபத்து மூன்று. அவருடைய கடைசி மாதங்களில், தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் லிங்கைப் படிக்க நான் மீட்டரைப் படிக்க, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். இன்னும் நான்கு தவறு கிடைத்தது. நல்லவேளை, எங்கும் கல் நட்டிருக்கவில்லை. என் முப்பத்தாறு வருட வேலையில் மனசு நிறைந்த நாட்கள் எவை என்று கேட்டால், தவறு தேடிய அந்த மதியங்களைத்தான் சொல்வேன். "நானூத்து முப்பத்தி ரெண்டு லிங்க்" என்று அவர் சொல்லும்போது ஒரு ஊரின் பெயரைச் சொல்வதுபோல இருக்கும்.

மீட்டர்மேல் எனக்குக் கோபமில்லை. மீட்டர் என்னை ஏமாற்றவில்லை, நான்தான் மீட்டரை ஏமாற்றினேன். ஆனால் மனம் எதில் முதலில் எண்ணப் பழகியதோ அதிலேயே கடைசி வரை எண்ணுகிறது. நான் மூன்றாம் வகுப்பில் அணா வாய்ப்பாட்டைக் கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்து முடித்த சமயம் நயாபைசா வந்தது. வாத்தியார் ஒரு புதுக் காசைக் காட்டி, "இனி பதினாறு இல்லைங்க, நூறு" என்றார். ஓர் அணாவுக்கு ஆறு பைசா என்றார்கள். பதினாறு அணாவுக்குத் தொண்ணூற்றாறுதானே வருகிறது, மீதி நாலு பைசா எங்கே என்று வீட்டில் கேட்டு அம்மாவிடம் அடி வாங்கினேன். பாதி என்றால் எட்டு, அதில் பாதி நாலு, அதில் பாதி இரண்டு, அதில் பாதி ஒன்று என்று உடையாமல் பிரிந்து வரும் அந்தப் பதினாறு எனக்கு இன்றும் பிடிக்கும்.

நான் ஓய்வு பெறும் வருடத்தில் ருக்மணியம்மா ஆபீசுக்கு என்னைத் தேடி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. காட்டை மகளுக்கு எழுதிவைக்கிறார். ரங்கசாமி காட்டில் இருக்கும் கிணற்றில் இவருக்கும் ஒரு பங்கு உண்டு, அதையும் சேர்த்து எழுத வேண்டும். "பத்திரம் எழுதறவரு நாஞ் சொல்றத எழுத மாட்டீங்கறாருங்க. நீங்க சித்த வந்து சொல்லுங்க" என்றார்.

போனேன். பத்திரம் எழுதுபவர் கடையில் ரங்கசாமியும் உட்கார்ந்திருந்தார், கைத்தடியோடு. கிணற்றுப் பங்காளி என்பதால் சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"நூத்துக்கு இருபத்தஞ்சுன்னு போட்டா முடிஞ்சுதுங்க சார். அம்மா நாலணான்னு போடச் சொல்றாங்க. இப்ப யாருங்க அணாங்கறது?" என்றார் பத்திரம் எழுதுபவர்.

"நூத்துல இருபத்தஞ்சுன்னா யாரோ எனக்குக் கொறச்சுக் குடுத்தாப்பல இருக்குதுங்க. நாலணாதான் எங்க மூலப் பத்திரத்துல இருக்குது. எங்கூட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லுவாருங்க" என்றார் ருக்மணியம்மா.

ரங்கசாமி கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "அப்ப என்ற பங்கு எவ்வளவுங்க?"

"எழுபத்தஞ்சுங்க."

"எழுபத்தஞ்சா? எங்கப்பன் எனக்குக் குடுத்தது பன்னெண்டணாங்க. அம்மணி சொல்றாப்பலயே எழுதுங்க."

பத்திரம் எழுதுபவர் என்னைப் பார்த்தார். "கால் பாகம், அதாவது நாலணான்னு ரெண்டையும் போட்டிருங்க. சட்டப்படி தப்பில்லீங்க" என்றேன்.

அந்தப் பெண் அடிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். "அணாவுக்கு எந்த ண-ங்க? மூணு சுழியா, ரெண்டு சுழியா?"

"என்ற பேருல வர்ற ண-தான் கண்ணு" என்றார் ருக்மணியம்மா.